படிகத்துக்குள் ஏகாம்பரம்

பானுரேகாவின் படிகத்துக்குள் ஆய்வுக்கூடத்து ஸ்டோர் கீப்பர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். காலையில் வந்த எக்ஸ்ரே படத்தில் மூக்குக் கண்ணாடியோடு தெளிவாகத் தெரிந்தார்.

அவள் வரைந்தது இரண்டே மூலக்கூறுகள். ஒன்றுக்குக் கொடுக்கிற கை, மற்றதுக்கு வாங்குகிற கை. கையும் கையும் பொருந்திவிட்டால் வரிசை வரிசையாக அடுக்கி உட்கார்ந்து படிகமாகிவிடும். மூன்று வருஷ உழைப்பு. நாலு மணிக்கு வருகிற கமிட்டி சரி என்றால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்தா நடுவில் இந்த மனுஷன்!

சும்மா வந்து உட்கார்கிற ஆளா அவர்? ஒரு சோதனைக் குழாய்க்கு மூன்று கையெழுத்து கேட்கிறவர். போன வாரம் அவளுடைய வரைபடத்தை உற்று உற்றுப் பார்த்தார் வேறு. யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

நுண்ணோக்கியில் குனிந்து, "யார் சொல்லி உள்ள வந்தீங்க சார்?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லலைம்மா. ரெண்டுக்கும் கை எட்டல. இந்தப் பக்கம் வாங்கி, அந்தப் பக்கம் கொடுத்து, நான்தான் பிடிச்சிட்டிருக்கேன். விட்டா உதிர்ந்துடும்."

அளந்து பார்த்தாள். எட்டவில்லைதான். அப்படியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. திடீரென்று இவ்வளவு நல்லவராக இவருக்கு என்ன வந்தது?

கமிட்டி வந்து பார்த்தது. "மூணாவது ஆளும் டிசைன்லயே உண்டா?"

"உண்டு சார்," என்று கூசாமல் சொன்னாள்.

"காலி இடம் மட்டும் இருக்கக் கூடாது. டீ குடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடறோம்."

அவர்கள் அந்தப் பக்கம் போக, ஏகாம்பரத்தின் மனைவி கோமளா அவரைத் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். படிகத்தில் கோடி அறைகள், அறைக்கு ஒரு ஏகாம்பரம். கோமளா ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டே வந்தார்.

"அதோ, என்னைப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர்," என்றார். இடுக்கியால் அவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

அந்த இடத்தில் விரிசல் விட ஆரம்பித்தது. வராந்தாவில் கமிட்டியின் செருப்புச் சத்தம் கேட்டது. ஐயோ, மூன்று வருஷம்!

பானுரேகா உள்ளே போய், காலியான இடத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். இடப்பக்கத்து மூலக்கூறு பிடித்துக்கொண்டது. வலப்பக்கத்து மூலக்கூறு முதலில் அடையாள அட்டையைக் கேட்டது.