வாசிக்காமல் விட்ட முன்னுரை

"பிள்ளை, ஒரு பிழை விட்டிட்டன்," என்றார் பாரிஸிலிருந்து தொலைபேசியில் ஜெனிற்றா மாமி.

சேலை மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த லவீனாவின் கை நின்றது. பகல் இரண்டு மணிக்கு அவளுடைய முதுமாணிப் பட்ட ஆய்வுக்கு வாய்மொழிப் பரீட்சை. தேறினால்தான் விரிவுரையாளர் வேலை.

இணைகோடுகளும் முடிவிலியில் சந்திக்கும் என்று 1639இல் எழுதினார் தெசார்க் என்ற பிரெஞ்சுக்காரர். உலகம் அவரை மறந்தது. நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து அதே வழியில் பெரிய நூல் எழுதினார் பொன்ஸ்லே. இவர்கள் இருவரையும் பற்றியதுதான் லவீனாவின் ஆய்வு. பிரெஞ்சு தெரியாத அவளுக்காக அந்த நூலின் முக்கிய பகுதிகளை மாமிதான் வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்து, தமிழில் சொல்லி, குரல்பதிவாக அனுப்பியிருந்தார். அவற்றில் தெசார்க்கின் பெயரே இல்லை. 'தெசார்க்கின் பெயரைப் பொன்ஸ்லே மறைத்தார்' என்று மூன்றாம் அத்தியாயத்தில் அடித்து எழுதிவிட்டாள் லவீனா.

"முன்னுரையை நான் வாசிக்கேல்லையடி. எங்கடை ஊர் விழா மலருகளிலை ஆசியுரை, வாழ்த்துரை எண்டு பத்துப் பக்கம் கிடக்கும். ஆர் வாசிக்கிறது? உதுவும் அப்பிடித்தான் எண்டு தள்ளிப்போட்டன். நேற்று லீவிலை பிரட்டினால், தெசார்க்கை வாய் நிறையப் புகழ்ந்திருக்கிறார்!"

"மாமீ!"

"ஏசாதை. நீ பாஸ் பண்ண அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன்."

தாய் லூர்த்தம்மா எட்டிப் பார்த்தாள். "பேசாமல் இரு. பரீட்சகர்மார் எல்லாப் பக்கமும் வாசிப்பினமே?"

இரண்டு மணிக்குப் பரீட்சை அறையில், பரீட்சகர் நமசிவாயம் ஆய்வேட்டைத் திறப்பதற்குள் லவீனா முந்திக்கொண்டாள். "சேர், மூன்றாம் அத்தியாயம் பிழை." மாமியின் கதையையும் சொல்லி முடித்தாள்.

அவர் ஏட்டை அவள் பக்கம் திருப்பினார். 'பெயரை மறைத்தார்' என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இதுக்காக நீர் சண்டை பிடிப்பீர் எண்டு நினைச்சு வந்தனான். பிடிச்சிருந்தால் இண்டைக்குப் பாஸாக விட்டிருக்க மாட்டன். சரி, பொன்ஸ்லே மறைக்கேல்லை எண்டால் உம்மடை ஆய்விலை என்ன மிச்சம்?"

லவீனா யோசித்தாள். "நல்ல பகுதி மிச்சம், சேர். தெசார்க்கை அவரின்ரை காலத்து ஆக்களிலை கனபேர் விளங்கிக்கொள்ளேல்லை. பொன்ஸ்லே அதே கேள்வியோடை தானும் மல்லுக்கட்டினவர். அதாலைதான் அவருக்கு அந்த மனிசன்ரை பெறுமதி தெரிஞ்சது."

"உதை எழுதும். ஒரு மாதம் தாறன்." பேனாவை மூடினார். "பாஸ். மாமிக்கும் சொல்லும், என்ரை புத்தகங்களின்ரை முன்னுரையையும் ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

வெளியே வந்ததும் லவீனா படியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் வயிறு கத்தியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எழுந்து கன்ரீனுக்குப் போய், இரண்டு மீன் ரோல்ஸ் கேட்டாள்.