நீளக் கயிறு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கையுறையைப் பார்த்ததும் தையல்காரம்மாவுக்குக் காது வரை சூடேறியது. அந்தக் காது கேட்காதே தவிர, சூடேறுவதில் ஒரு குறையும் இல்லை.

பழைய போர்வைத் துணியில், விரல் பிரிக்காமல் பை மாதிரி தைத்த ஜோடி. கீழே அட்டை: ‘குளிர்காலக் கையுறை. மாணவியர் கைவேலை.’

கைவேலை என்பதில் பொய்யில்லை. ஓரத்தை மடித்து, மறுபடி மடித்து அடித்த அந்தத் தையல் அவளுடையதேதான். காது கேளாத பிள்ளைகளுக்காக அரசாங்கம் நடத்திய இந்த விடுதிப் பள்ளியில், தையல் வகுப்பில் அவள் முதலில் தைத்துப் பழகியதே இதைத்தான். குளிருக்காக இல்லை. கையால் பேசுகிற பிள்ளையின் கையை இதற்குள் திணித்து, முதுகுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். முடிச்சு பல்லுக்கு எட்டாமல் இடுப்பைச் சுற்றி முதுகில் விழும் நீளத்துக்குக் கயிறு வேண்டும் என்பது அந்தக் கால வார்டனின் யோசனை. பிள்ளைகளை வாயால் பேசவைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை.

மகன் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டான். கல்வித் துறையில் குமாஸ்தா. பதவி உயர்வு உத்தரவு இயக்குநரின் மேஜையில் கிடந்தது. அந்த இயக்குநர் இப்போது பள்ளியின் ஆண்டு விழா மேடையில் உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா, கூப்பிடப் போறாங்க,” என்று கையால் சொன்னான்.

“இந்த அட்டையை எழுதினது யாரு?”

“ஹெட்மிஸ்ட்ரஸா இருக்கும். அவங்க புதுசும்மா. அவங்களுக்கு என்ன தெரியும்?”

“தெரியலன்னா கேக்குறது. குளிருக்கு எதுக்குடா இவ்வளவு நீளக் கயிறு? பட்டம் விடவா?”

“ஐயோ, மெதுவாப் பேசும்மா.”

“கைல பேசுறதுல மெதுவா என்னடா மெதுவா? ஆபீசுக்குப் போய்ப் போய் உன் கைக்குக்கூட பயம் வந்துருச்சு.”

வீட்டில் பேசி முடித்துத்தான் கிளம்பியிருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்காக மனப்பாடம் செய்வித்த அதே பழைய மூன்று வரியை அவள் வாயால் சொல்ல வேண்டும்: வணக்கம், நான் நலம், அரசுக்கு நன்றி. பள்ளியின் பழைய ‘நன்றாகப் பேசும் பிள்ளை’ அவள்தான். பள்ளியை விட்டுப் போன நாளோடு அந்தக் குரலையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். மகனுக்காக ஒரு தடவை அவிழ்க்கலாம் என்று ஒத்துக்கொண்டிருந்தாள். அது இந்த அட்டையைப் பார்க்கும் முன்.

“நான் சுழியைப் பத்திச் சொல்லப்போறேன்,” என்றாள். “நீ மைக்ல சொல்லு.”

அவன் முகம் செத்துவிட்டது.

நெற்றியில் மயிர் சுழித்திருந்த சிநேகிதியை எல்லோரும் நெற்றியோரம் விரலைச் சுற்றித்தான் கூப்பிடுவார்கள். விடுதியிலேயே வேகமான கை சுழியுடையது. இரண்டு விரலை மேஜையில் நடக்கவிட்டாலே போதும், அது வார்டனின் நடை என்று தெரிந்துவிடும். தொண்டையில் மட்டும் ஒரு சத்தமும் எழாது. ஒருநாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வார்டனிடம் போய்க் கையால் சொன்னாள். “வாயால சொல்லு,” என்றாள் வார்டன். மறுபடி கையால் சொன்னதும் கையுறை ஏறியது.

நன்றாகப் பேசும் பிள்ளை ஓடிப்போய் வாயாலேயே சொன்னாள்: “அவளுக்கு வயிறு வலிக்குது!”

வார்டன் சிரித்தாள். “வலிக்கிறது உனக்கா? வலிக்கிறவ சொல்லட்டும். நீயே சொல்லிட்டா அவ எப்பதான் கத்துக்குவா?”

குடல்வால் வெடித்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். மறுநாள் சுழியின் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருந்தார்கள்.

மேடையில் தையல்காரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய கையோடு அதை நாற்காலியில் கழற்றிப் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து நின்று, எல்லாவற்றையும் கையால் சொன்னாள். கயிற்றைச் சொன்னாள், கையுறையைச் சொன்னாள், வெயிலில் காய்ந்த கட்டிலைச் சொன்னாள். சொல்லி முடித்துப் பார்த்தால், முன்வரிசை புன்னகையோடு கைதட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி மகனின் உதட்டைப் பார்த்தாள்.

“...இங்க கத்துக்கிட்ட தையல்தான் எங்க குடும்பத்தையே காப்பாத்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. அரசுக்கு நன்றி சொல்றாங்க.”

சின்ன வயதில் பொய் சொல்ல வேண்டுமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அம்மா உதட்டைப் படித்துவிடுவாள் என்று தெரியும். இன்று மைக் அவனைத் திரும்ப விடவில்லை. இந்தப் பள்ளி அவளுக்கு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த வித்தை, உதடு படிப்பது. அது இப்படியா உதவ வேண்டும்!

மகனை முழங்கையால் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தாள். மூட்டை கட்டி வைத்த குரலை அடிவயிற்றிலிருந்து இழுத்தாள்.

“வயிறு வலிக்குது.”

கைதட்டல் நின்றது.

“வயிறு வலிக்குது!”

இயக்குநர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்தாள். ஒருத்தர் விசிறினார், ஒருத்தர் அவளை உட்காரவைக்கப் பார்த்தார். “வண்டியைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!” என்று இயக்குநரின் உதடு பதறியது. மேடை முழுக்க ஓட்டமும் நடையுமாக இருந்தது.

அவள் டம்ளரை ஒதுக்கினாள். மகனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

“பாத்தியாடா? வாயால சொன்னதும் எப்படி ஓடி வர்றாங்க! சுழிக்கு ஒருத்தரும் எந்திரிக்கக்கூட இல்ல. இப்பச் சொல்லு. நான் சொன்னதைச் சொல்லு.”

அவன் இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னப்பா, என்ன சொல்றாங்க? எங்க வலி?”

மகன் மைக் அருகே வந்தான்.

“வலி அம்மாவுக்கு இல்ல சார்,” என்றான். “உள்ள கண்ணாடிப் பெட்டியில ஒரு கையுறை இருக்கு. அதுல ஒரு நீளக் கயிறு இருக்கு...”

தையல்காரம்மா அவன் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு சொல் பிசகினாலும் மறுபடி பிடுங்குவதற்குத் தோதாக, மைக்கில் வைத்த கையையும் எடுக்கவில்லை.