ஆறு மணிப் பூசையில் செத்தவர்

கண்டக்டர் கிளமென்ட் செத்துப்போன செய்தியைக் கிளமென்ட் கக்கூஸில் உட்கார்ந்தபடி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிப் பூசை. பங்கு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் வரைக்கும் ஒலிபெருக்கி கேட்கும். ஆண்டவருடைய வார்த்தையிலிருந்து யாரும் எங்கேயும் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று பழைய சாமியார் ஒருவர் கட்டிவிட்டுப் போன குழாய் அது. அதில், சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியாரின் குரல் இழுத்து இழுத்து வாசித்தது: "இன்றைய திருப்பலி, இறைவனடி சேர்ந்த நம் பங்கைச் சேர்ந்த கண்டக்டர் கிளமென்ட் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

கிளமென்ட் முதலில் பயந்தார். தனக்குத் தெரியாமல் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு நொடி தொடையைக் கிள்ளிக்கூடப் பார்த்தார். வலித்தது. பிறகுதான் கோபம் வந்தது. உடனே எழுந்து ஓடி, கோயில் நடுவில் நின்று, "யோவ், நான் உசுரோட இருக்கேன்யா" என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வயிறு விடவில்லை. செத்தவரின் ஆன்மாவுக்காக எல்லோரும் எழுந்து நின்ற நேரத்தில் செத்தவர் குந்தியேதான் இருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு வரை அது ஊரே மெச்சிய வயிறு. சத்திரம் பேருந்து நிலையத்துப் பரோட்டாவானாலும் சரி, ஸ்ரீரங்கத்துக் கல்யாணப் பந்தியானாலும் சரி, உள்ளே போனது போன இடம் தெரியாது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மத்தியானத்தில், ஸ்ரீரங்கம் டவுன் பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் டிராபிக்கில் நின்றபோது வயிற்றுக்குள் யாரோ டபுள் விசில் கொடுத்தார்கள். முன்னால் லாரி, பின்னால் ஆட்டோ, கீழே காவிரி. டிரைவர் சேக் மைதீன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளமென்ட் காக்கிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி மாம்பழச்சாலையைப் பார்த்து ஓடினார். அன்று சாயங்காலம் ரத்தம் போனது.

அதன்பின் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. ஆளாளுக்கு வைத்தியம். சேக் மைதீன் மாதுளம் தோலைக் காய்ச்சிப் பிளாஸ்கில் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு ரெங்கராஜ் வெந்தயத்தை மோரில் போட்டுக் குடிக்கச் சொன்னார். மச்சினி, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள். இந்த வயிற்றில் கண் வைக்க என்ன இருக்கிறது என்று கிளமென்ட்டுக்குப் புரியவில்லை. கடைசியில் தில்லை நகர் டாக்டர் இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரைக் குடிக்க வைத்து, கொல்லைப்புற வழியாகக் கேமராவை அனுப்பி, குடலின் உள்சுவரைப் படம் பிடித்தார். துளியூண்டு சதையைக் கிள்ளி எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். "ரிப்போர்ட் வரட்டும். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லாமல் விட்டதே வீட்டில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. கிளமென்ட்டின் அப்பா குடல் புற்றில்தான் போனார். போனபோது வயது ஐம்பத்து நான்கு. கிளமென்ட்டுக்கு இப்போது ஐம்பத்து நான்கு.

ரிப்போர்ட் வியாழக்கிழமையே தயாராகிவிட்டது. வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி லேப்பிலிருந்து போனில் மெசேஜ் வந்தது. கிளமென்ட் அதைப் படித்தார், அழித்தார், லேப்காரர்கள் கூப்பிட்டுத் தொலைக்கப் போகிறார்களே என்று போனையே அணைத்து அலமாரியில் வைத்தார். மனைவி டோரதியிடம், "திங்கக்கிழமைதான் வருமாம்" என்றார். டோரதி தலையாட்டிவிட்டு ஜெபமாலையை எடுத்தாள். அன்றைக்கும் மறுநாளும் அவள் முழங்காலிலேயே இருந்ததைக் கிளமென்ட் கட்டிலிலிருந்து பார்த்தார். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்ட வேலைதான், அது அவருக்கே தெரியும்.

சனிக்கிழமை டோரதி, அவர் பேரில் ஒரு பூசை வைக்கச் சொல்லிக் கோயிலில் கருத்துக் கொடுக்கப் போகிறேன் என்றாள்.

"குடு. ஆனா வயித்துக்கு என்னன்னு சொல்லக் கூடாது" என்றார் கிளமென்ட். "அந்த உபதேசியார் மைக்குல பேதின்னு வாசிச்சுப்புடுவாரு. அப்புறம் ஒருத்தரும் என்கிட்ட டிக்கெட் வாங்க மாட்டாங்க. பேரை மட்டும் குடு."

டோரதி அப்படியே செய்தாள். பங்கு அலுவலகத்து நோட்டில் ஒரு பக்கம் வேண்டுதல், எதிர்ப்பக்கம் இறந்தோர். "யாருக்குமா?" என்று உபதேசியார் கேட்டார். "கண்டக்டர் கிளமென்ட்டுக்கு" என்பதற்குள் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்ன ஆச்சு?" என்றதற்கு, சொல்லக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். நாற்பது வருஷமாக அந்த நோட்டை எழுதுகிற மனிதர். அழுகிற பொம்பளையைக் குடைந்து கேட்காத நல்ல மனிதரும்கூட. எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கிளமென்ட் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தார். டோரதி அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பூசை முடிஞ்சிருச்சா?"

"எனக்கு முடிஞ்சிருச்சு" என்றார். "இளைப்பாற்றி பூசை."

விஷயம் புரிந்ததும் டோரதி அகப்பையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் பங்கு அலுவலகத்துக்குக் கிளம்பச் செருப்பைத் தேடுவதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். முதலில் ரெங்கராஜ். குளிர்ப்பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது என்று வாசலிலிருந்தே சத்தம் கொடுத்தவர், கஞ்சி டம்ளரோடு நின்ற கிளமென்ட்டைப் பார்த்ததும், "அடடா, வேண்டாம்னு சொல்லிரட்டுமா?" என்று அவரிடமே கேட்டார். அடுத்து, ஆளுயர ரோஜா மாலையோடு சேக் மைதீன்.

"யோவ், போனை ஏன்யா அணைச்சு வச்ச? டிப்போவே அழுவுதுய்யா" என்று கிளமென்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தெரிந்த முகங்கள் இன்னும் நாலைந்து வந்து, பார்த்து, திகைத்து, வந்ததற்கு ஒரு வாய் காப்பி குடித்தன.

ஒன்பது மணிக்குக் கிளமென்ட்டின் வயிறு மறுபடி விசில் அடித்தது. அவர் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஷெர்லின். அதே பங்கைச் சேர்ந்த பெண், தில்லை நகர் லேப்பில் வரவேற்பில் இருப்பவள். காலையில் பூசையில் கேட்டுவிட்டு நேராக வேலைக்குப் போய், அங்கே மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஆன்ட்டி" என்று டோரதியின் தோளில் விழுந்தாள். டோரதி வாயைத் திறக்கவே இடம் கொடுக்கவில்லை. "வியாழக்கிழமையே ரெடியா இருந்துச்சு ஆன்ட்டி. மெசேஜ் போட்டோம், போன் போட்டோம். அங்கிள் எடுக்கவே இல்ல. நான் தெரியாத்தனமா பிரிச்சுப் படிச்சுட்டேன், மன்னிச்சிருங்க. கேன்சரே இல்லைன்னு போட்டிருக்கு ஆன்ட்டி! குடல்ல புண்ணு, அவ்வளவுதான். ரொம்ப நாளைக்கு மாத்திரை சாப்பிடணும். இதுக்குப் போயி ஒரு மனுசன் சாவாரா?"

கக்கூஸ் கதவுக்குப் பின்னால் கிளமென்ட்டுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கேன்சரே இல்லை. அவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கண்ணீர் தாரையாக வழிந்தது. அப்படி அழுது பல வருஷம் ஆகியிருந்தது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஷெர்லின் போட்ட அலறலில் ரெங்கராஜ் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார்.

டோரதி அலறவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமையா?" என்றாள்.

கிளமென்ட் கைலி முடிச்சை மறுபடி இறுக்கினார்.

"திங்கக்கிழமைன்னு சொன்ன." முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மூணு நாளு. நீ இல்லாம இந்த வீட்டுல எப்படி இருப்பேன்னு மூணு நாளு நினைச்சுப் பார்த்தேன். உன் சட்டைய என்ன செய்யிறதுன்னுகூட நினைச்சேன்."

சேக் மைதீன் மாலையைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களைக் கண்ணாலேயே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எங்கப்பா ரிப்போர்ட்டை நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார் கிளமென்ட். "பத்தொன்பது வயசு. பஸ்ஸுலயே பிரிச்சுப் படிச்சுட்டேன். வீட்டு வாசல்ல அப்பா நின்னுக்கிட்டிருந்தாரு. என் மூஞ்சியப் பார்த்தாரு, அவ்வளவுதான், அவரு கேக்கவே இல்ல. அந்த மூஞ்சிய உன்கிட்ட கொண்டுவர எனக்குத் தெம்பு இல்ல டோரதி. பயந்துட்டேன்."

டோரதி உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"நான் வாங்கிட்டு வந்திருப்பேனே" என்றாள். "கஞ்சி ஆறுது, குடிங்க."

மரியாதை திரும்பி வந்துவிட்டதென்று கிளமென்ட் நிம்மதியாகக் குடித்தார். டோரதியைப் பற்றி அவருக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. அவர் குடித்து முடிப்பதற்குள் அவள் கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து என்னவோ எழுதி, செருப்பை மாட்டிக்கொண்டு பங்கு அலுவலகத்துக்குப் போய் வந்தாள். இந்தத் தடவை அழவில்லை.

சாயங்காலப் பூசைக்கு அவரை இழுத்துக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தாள். கக்கூஸ் அங்கிருந்து கண்ணுக்கெட்டாத தூரம். கோயில் நிரம்பி வழிந்தது. செத்துப் பிழைத்தவனைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையிருக்காது? உபதேசியார் மைக்குக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோடு போட்ட தாளை விரித்தார்.

"கண்டக்டர் கிளமென்ட் சாகவில்லை. காலையில் தவறாக வாசிக்கப்பட்டது. அவருக்கு இருப்பது குடல் புண். மூன்று வாரமாக ரத்தபேதி. பரிசோதனை முடிவு வியாழக்கிழமையே வந்தும், அதை வாங்கப் பயந்து மனைவியிடம் பொய் சொல்லிவிட்டார். அவருக்கு உடல்நலமும் புத்தியும் கிடைக்க வேண்டி, அவரது மனைவி டோரதி இத்திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறார்."

பின்வரிசையில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் சாமியாரே குனிந்துகொண்டார். கிளமென்ட்டுக்குக் காது இரண்டும் கொதித்தன. அந்த நேரம் பார்த்து வயிறும் லேசாகப் புரண்டது. எழலாமா என்று பார்த்தார். டோரதியின் கை அவர் கையை விரல் வலிக்கப் பிடித்திருந்தது. அவள் பலிபீடத்தையே பார்த்தபடி, உதடு அசையாமல் மெதுவாகச் சொன்னாள்.

"போகணும்னா சொல்லுங்க. நானும் வரேன்."