கால் வைக்காத வயல்

வட பிரான்சில் எங்கள் பீட்ரூட் வயலை ஒட்டியே முதல் உலகப் போரில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். பார்க்க வருகிறவர்கள் படம் பிடிக்க வயலுக்குள் இறங்கி முளைகளை மிதிப்பார்கள். என் கணவர் ஃபிர்மேன் டிராக்டரில் இருந்தபடியே கத்துவார்.

போன ஏப்ரலில் வேல்ஸிலிருந்து ஆல்வின் என்ற கிழவர் வந்தார். அவருடைய தாத்தாவின் பெயர் அங்கே நினைவுச் சுவரில் இருந்தது, கல்லறை இல்லை. உடல் கிடைக்கவே இல்லையாம்.

"அப்போ அவர் எங்க இருக்கார்?" என்று திக்கித் திணறிய பிரெஞ்சில் கேட்டார்.

"என்னைக் கேட்டா? கல்லறைல இல்லேன்னா என் வயல்லதான் இருப்பார். சண்டை நடந்த மண்ணு, உழும்போது இன்னும் எலும்பு வருது," என்றார் ஃபிர்மேன்.

"கொஞ்சம் வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்," என்றேன்.

ஃபிர்மேனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாருக்கும் திறக்காத வயல் கேட்டைத் திறந்துவிட்டார். "போய்ப் பாருங்க. முளை மிதிபட்டா படட்டும்."

ஆல்வின் ஒரு காலை எடுத்தார். வயலைப் பார்த்தார். எடுத்த காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்க படுத்திருக்கார்னு தெரியாம எப்படிக் கால வைக்கிறது?"

முப்பது வருஷமாக அந்த வயலில் நாங்கள் மிதிக்காத இடமில்லை.