சுழி போட்ட நம்பர்

ஏலாக்குறிச்சி சகாய ஆனந்தைப் போல ஒரு யோக்கியன் ஓடித் திரிவதற்கு அரியலூர் மாவட்டத்து ரோடுகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தெருமுனை டீக்கடைக்குப் போவதானாலும் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கி, இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவான். ஆளே இல்லாத வயல்காட்டு ரோட்டில் அவன் இண்டிகேட்டர் போடுவதைப் பார்த்து மதித்தவை கொக்குகள் மட்டும்தான். கீழப்பழுவூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுவது அவன் வேலை. அந்த வேனும் அதிலுள்ள வாண்டுகளும்தான் அவனுக்கு உசுரு.

அப்பேர்ப்பட்டவன் போனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அபராதச் செய்தி வந்தது. பெரம்பலூர் நாலு ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போனானாம். அந்த நேரத்தில் அவன் அடைக்கல மாதா கோயிலில் பூசையில் முழங்கால் போட்டிருந்தான். பைக் வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஏதோ மிஷின் கோளாறு, போகட்டும் என்று பெரிய மனசு பண்ணிப் பணத்தைக் கட்டிவிட்டான். அங்கேதான் பிடித்தது சனி. கட்டினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்பது அந்தப் பெரிய மனசுக்குத் தெரியவில்லை.

அடுத்த செய்தி வந்தபோது தொகை ஏறியிருந்தது. ஏற்கெனவே தப்பு செய்தவன் என்பதால் கூடுதலாம். அதற்கடுத்தது இன்னும் ஏறியது. பாத்திரக்கடையில் பழைய வாடிக்கைக்காரனுக்கு விலையைக் குறைப்பார்கள். சர்க்கார் கடையில் பழைய வாடிக்கைக்காரனுக்குத்தான் விலை அதிகம்.

செய்தியோடு வந்த படத்தை எடுத்துக்கொண்டு அவன் அபராதம் போட்ட ஆபீசுக்கு ஓடினான். கறுப்பு பைக்கின் பின்பக்கம், மங்கலாக ஒரு முதுகு, அதற்கு மேலே பளபளவென்று ஒரு வழுக்கைத் தலை. நம்பர் பிளேட்டில் அவன் பைக்கின் நம்பரேதான், 2718. அந்த இரண்டு மட்டும் கொஞ்சம் வாலை நீட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"சார், இந்தத் தலையப் பாருங்க, என் தலையப் பாருங்க" என்று சுருட்டை முடி அடர்ந்த தன் தலையைக் குனிந்து காட்டினான் சகாய ஆனந்த்.

ஆபீஸ்காரர் நிதானமாகப் பார்த்தார். "அப்புறமா முளைச்சிருக்கும்" என்றார்.

"இருபது நாள்லயா சார்?"

"இப்பல்லாம் நல்ல நல்ல எண்ணெய் வருதுங்க. போய்க் கட்டிட்டு வேலையப் பாருங்க."

விஷயம் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. பொறுப்பாளர் சிஸ்டர் மரிய புஷ்பம் அவனைக் கூப்பிட்டு, "சகாயம், உங்க மேல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா பெத்தவங்க கேக்குறாங்கல்ல? இன்னொண்ணு வந்துச்சுன்னா வேன் சாவிய வச்சிட்டுப் போயிருங்க" என்றார். சந்தேகமில்லை என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கேட்கிற அன்பை என்னவென்று சொல்வது!

அன்று இரவுச் சோற்றில் அவன் கையே வைக்கவில்லை. அவன் மனைவி ஜெயராணிதான் வழி சொன்னாள். கீழப்பழுவூர் உரக்கடை அரியமுத்து, கடைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறாராம். நம்பர் பிளேட்டில் பிள்ளையார் சுழி போட்ட நாளிலிருந்து அவர் பைக்குக்கு ஒரு கேஸ் கூட வந்ததில்லையாம். தலையில் ஒரு துண்டு கூடக் கட்டாமல் பெரம்பலூர், அரியலூர் என்று ஊர் சுற்றுகிறாராம்.

"நாமளும் ஒண்ணு போட்டுருவோங்க" என்றாள் ஜெயராணி.

"அடிப்பாவி! பங்குச் சாமியார் பாத்தா என்ன சொல்லுவாரு?"

"அவங்களுக்கு அது பிள்ளையார் சுழி. நமக்கு உ-ன்னா உன்னதர், நம்ம ஆண்டவர். உன்னதங்களிலே ஓசான்னான்னு வாராவாரம் பாடுறோம்ல? அந்த உ-தான் இந்த உ-ன்னு நெனச்சுக்குங்க. ஒரு பாவமுமில்ல."

வேதபாட வகுப்பில் பரிசு வாங்கிய பெண்ணை எதிர்த்துப் பேச முடியுமா? மறுநாளே அரியலூரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் 2718-க்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் உன்னதர் உட்கார்ந்தார்.

அதற்கடுத்த நாள் காலை, கீழப்பழுவூர் முக்கில் போலீஸ் சோதனை. சகாய ஆனந்த் இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தினான். எஸ்.ஐ. வெற்றிச்செல்வி சிரித்த முகமாக வந்தார்.

"ஹெல்மெட் போட்டிருக்கீங்க, லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியா வச்சிருக்கீங்க. ரொம்ப சந்தோசம். பிளேட்டுல இது என்னங்க?"

"உன்னதர் மேடம்."

"யாரு?"

அவன் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் மேடம் கையிலிருந்த மிஷினில் நம்பரைத் தட்டிவிட்டார். அடேயப்பா, கல்யாணச் சமையல் சாமான் பட்டியல் மாதிரி அது பாட்டுக்கு நீண்டுகொண்டே வந்தது. மேடம் பேச்சிலிருந்த 'ங்க' அந்த நிமிஷமே கழன்று விழுந்தது.

"யோவ், எறங்குய்யா. இத்தனை கேஸ வச்சுக்கிட்டு, நம்பர் தெரியக் கூடாதுன்னு பிளேட்டுல வேற கிறுக்கி வச்சிருக்கியா? லைசன்ஸ் மூணு மாசத்துக்குக் கெடையாது. வண்டி ஸ்டேஷனுக்குப் போவட்டும்."

வாழ்க்கையில் அவன் செய்த ஒரே தப்பு அந்த ஒற்றை எழுத்துதான். அதற்குத்தான் பழைய குற்றவாளிக்குரிய மரியாதை முழுசாகக் கிடைத்தது.

அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே ஒரு கறுப்பு பைக்கைக் கான்ஸ்டபிள் மறித்தார். ஓட்டி வந்தவர் உரக்கடை அரியமுத்து. ஹெல்மெட் இல்லை. காலை வெயில் அவர் வழுக்கையில் பட்டுத் தெறித்தது. அந்தத் தலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று சகாய ஆனந்த் பின்பக்கம் போனான். குனிந்து பிளேட்டைப் படித்தான். மாவட்ட எழுத்து, வரிசை எழுத்து எல்லாம் அவனுடையதேதான். எண் மட்டும் நியாயப்படி 0718. சைபரில் ஆரம்பித்தால் வாழ்க்கையும் சைபராகிவிடும் என்று அந்தச் சைபரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அம்சமாக ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தார் அரியமுத்து. உ718.

"மேடம்! இந்தத் தலைதான் மேடம்!" என்று கத்தினான். "இந்த உ-வத்தான் கேமரா ரெண்டுன்னு படிச்சிருக்கு! இவரு பண்ணதெல்லாம் என் தலையில விடிஞ்சிருக்கு மேடம்!"

மேடம் அரியமுத்துவின் நம்பரையும் தட்டினார். துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

"இவரு பேர்ல ஒரு கேஸும் இல்லையேய்யா. கேஸே இல்லாத மனுசன் எப்படித் தப்புப் பண்ணுவாரு? உனக்கு ஆட்சேபணை இருந்தா ஆதாரத்தோட எழுதிக் குடு." பிறகு அரியமுத்துவின் பக்கம் திரும்பியதும் 'ங்க' திரும்ப ஒட்டிக்கொண்டது. "முதல் தடவைங்கிறதால விடுறேங்க. இனிமே ஹெல்மெட் போட்டு வாங்க. அந்தச் சுழியையும் அழிச்சிருங்க."

"ஆவட்டுங்க மேடம்" என்று பவ்யமாகச் சொன்ன அரியமுத்து, போகிற போக்கில் சகாய ஆனந்தின் தோளைத் தட்டினார். "தம்பி, நான் நம்பிப் போட்டேன். நீங்க பயந்து போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

அவனுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதிருப்பான். வேன் ஸ்டாப்பில் பிள்ளைகள் காத்திருப்பார்களே என்பதுதான் அப்போதும் நினைப்பு.

சிஸ்டர் இரக்கமுள்ளவர். உடனே துரத்தவில்லை. "அதுவரைக்கும் மாத்து டிரைவர வச்சுச் சமாளிக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்கால மணி அடிக்கிறதுக்குள்ள, உங்க மேல தப்பில்லன்னு போலீஸ்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா அறிவழகன்கிட்ட சாவியக் குடுத்துருவேன்" என்றார். அறிவழகன் அதுவரை சிமெண்ட் லாரி ஓட்டியவன்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? அரியமுத்துவிடம் போய் நின்றால், "நான் என்னத்தங்க கண்டேன்" என்று யூரியா மூட்டையை எண்ணப் போய்விட்டார். வெள்ளிக்கிழமையும் வந்தது. பைக் இல்லாதவன், மூன்று மணிக்கு மேல் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து வந்துகொண்டிருந்தான். போன் 'டிங்' என்றது. 2718, அரியலூர், இன்று காலை, ஹெல்மெட் இல்லை. பலமுறை குற்றம் செய்தவர் என்பதால் மிகக் கூடுதல் அபராதம். பிள்ளையாரை அழிக்க அரியமுத்துவுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது!

"மாதாவே!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் சகாய ஆனந்த். அபராதம் வந்ததற்காக ஆனந்தக் கண்ணீர் விட்ட ஆள் தமிழ்நாட்டிலேயே அவனாகத்தான் இருப்பான். அவன் பைக் மூன்று நாளாகப் போலீஸ் ஸ்டேஷனிலேயே சங்கிலி போட்டுக் கிடக்கிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? கீழப்பழுவூரில் இறங்கி ஸ்டேஷனுக்கு ஒரே ஓட்டமாக ஓடினான்.

"மேடம், பாருங்க மேடம்! இன்னிக்குக் காலையில என் வண்டி அரியலூர்ல ஓடிச்சாம். என் வண்டி எங்க இருக்கு? உங்ககிட்ட இருக்கு!"

வெற்றிச்செல்வி மேடம் போனை வாங்கிப் பார்த்தார். எழுந்து வாசலுக்கு வந்து, புளியமரத்தடியில் சங்கிலியோடு நின்ற பைக்கைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"மிஷின் பொய் சொல்லாதுய்யா" என்றார் மேடம். "உண்மையச் சொல்லு. ஸ்டேஷன் வாசல்லேருந்து வண்டிய எப்பத் திருடிக்கிட்டுப் போன? எப்பக் கொண்டாந்து வச்ச?"

எதிரே ரோட்டில் அவன் வேன் வந்தது. உள்ளே இருந்த வாண்டுகள் அவனைப் பார்த்துக் கையாட்டின. அறிவழகன் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இண்டிகேட்டர் போடாமல் முக்கில் திரும்பிப் போனான்.