புதுப் பதிப்பில் திறந்த தொப்பிகள்

இடுப்பு வலி என்னை அலாரத்துக்கு முன்பே எழுப்பிவிட்டது. கோட்கா துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கட்டை ஏற்றியதில் எனக்கு மிஞ்சியது அந்த வலிதான். முதுகெலும்பு தேய்ந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகம் என்னைக் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் படிப்புக்கு அனுப்பியது. நாற்பத்தேழு வயதில் ஹில்காவின் புகைப்பட ஸ்டுடியோவில் நான்கு மாதத் தற்காலிக வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம், சொதப்பினால் வீடு. மூன்று மாதம் முடிந்திருந்தது.

அன்று புதன்கிழமை. பள்ளி முடித்த அறுபத்திரண்டு பிள்ளைகள் சனிக்கிழமை, இங்கே பள்ளி முடித்ததும் போடும் வெள்ளைத் தொப்பியும் கையில் ரோஜாவுமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் படங்களை முதல் நாளே திருத்தி முடித்திருந்தோம்; மதியம் இரண்டு மணிக்கு அவை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். முகத்தில் பரு இருந்தால்கூடப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள். தொப்பி வெள்ளையாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கல்யாணங்களுக்கென்று ஹில்கா புதுக் கேமரா ஒன்று வாங்கியிருந்தாள். அதன் படங்களைப் பழைய மென்பொருள் திறக்காது என்பதால் புதுப் பதிப்பையும் ஏற்றினோம். ஆனால் புதியது, இந்தப் பிள்ளைகளை எடுத்த பழைய கேமராவின் படங்களில் வெள்ளையைச் சாம்பலாக்கியது. ஆகவே இரண்டையும் வைத்திருந்தோம்: பழையதற்கு நீலச் சின்னம், புதியதற்குக் கறுப்பு. என்னோடு வேலை பார்க்கும் ஓஸ்மோ ஒரே விதிதான் போட்டிருந்தான். முதலில் நீலத்தைத் திற, பிறகு அதற்குள்ளிருந்து ஃபைலைத் திற. ஃபைலை நேராகத் தட்டினால் கறுப்புதான் முந்திக்கொண்டு வரும்.

வலிமாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்தவன், கடைசியாக ஒருமுறை பார்க்க, படங்கள் எல்லாம் இருந்த ஃபைலை நேராகத் தட்டினேன்.

நீளமாக ஓர் அறிவிப்பு வந்தது. துறைமுகத்தில் ஃபோர்மேன் நீட்டிய எந்தத் தாளையும் நான் படித்ததில்லை. பனிக்காற்றில் நின்றுகொண்டு யார் படிப்பார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டுக் கட்டையைத் தூக்கப் போவோம். இங்கேயும் 'சரி'யை அழுத்தினேன்.

தொப்பிகள் ஒவ்வொன்றாக அழுக்கேறின. மூடிவிட்டு நீலத்தில் திறந்தேன். 'இந்தத் தொகுப்பு புதிய பதிப்புக்கு மாற்றப்பட்டது. இதில் திறக்க இயலாது.'

ஓஸ்மோ காபியோடு வந்தான்.

"ஏ துறைமுகம், என்ன பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"நேரா தட்டிட்டேன்."

கோப்பையைக் கீழே வைத்தான். "மாத்தட்டுமான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லியிருக்க மாட்ட."

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. மணி ஒன்பதரை. குழந்தை ஒன்றின் பெயர்சூட்டு விழாவுக்குப் படமெடுக்கப் போயிருந்த ஹில்கா ஒரு மணிக்குத் திரும்பிவிடுவாள்.

ஓஸ்மோ பையிலிருந்து சின்ன ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்தான். "திங்கக்கிழமை சாயங்காலம் ஒரு நகல் எடுத்தேன். நேத்து செஞ்ச முப்பத்தொண்ணும் இதுல இல்ல."

செருகியதுமே கறுப்புச் சின்னம் துள்ளி எழுந்தது. திறக்கட்டுமா என்று கேட்டது. என் விரல் மவுஸின் மேல் இருந்தது.

"கைய எடு."

எடுத்தேன்.

"மடியில வை, நான் பாக்குற மாதிரி."

பள்ளிப் பிள்ளை போல வைத்துக்கொண்டேன். அவன் அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்து, 'வேண்டாம்' என்பதை அழுத்தினான். நகலை இரண்டு கம்ப்யூட்டர்களிலும் போட்டு, நீலத்தில் திறந்தான். முப்பத்தொரு தொப்பிகள் வெள்ளையாக வந்தன. மற்றவை கேமராவிலிருந்து வந்தபடியே மஞ்சளாக நின்றன.

அவன் பதினாறு, நான் பதினைந்து. ஒரு தொப்பிக்குப் பதின்மூன்று நிமிடம். பதினோரு மணிக்கு இடுப்பு மரத்துப்போனது, எழுந்து நின்றபடியே செய்தேன். காபியில் ஆடை படிந்தது. கடைசித் தொப்பியை நான் முடித்தபோது ஒன்றேகால். ஹில்கா எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நேத்தே முடிஞ்ச வேலைதான? எல்லாத்துலயும் இன்னைக்கு நேரம் காட்டுது."

சேமித்த படத்தையே இன்னொரு முறை சேமித்தேன்.

"நான்தான் புதுசுல திறந்துட்டேன்," என்றான் ஓஸ்மோ.

"நீயா? விதி போட்டவனே நீதான?"

"போட்டவனுக்குத்தான மறக்கும்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"பதினாறு வருஷ ஆளு, உன்னை அனுப்பவா முடியும்?" என்றாள். "யுஹன்னுஸ் பண்டிகைக்கு மூணு கல்யாணம் இருக்கு. ஏரி வீட்டுக்கு வரலன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிடு."

படங்கள் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போயின. கோடை நடுவில் ஏரிக்கரையில் நெருப்பு மூட்டும் அந்த யுஹன்னுஸ் வாரத்துக்காகத்தான் ஓஸ்மோ வருடம் முழுக்க உழைப்பான். அந்த வாரம் அவன் மூன்று மாப்பிள்ளைகளுக்குப் பின்னால் கேமராவோடு ஓடினான். ஜூலை முதல் தேதி என் வேலை நிரந்தரமானது. ஹில்கா கை குலுக்கினாள், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஓஸ்மோவுக்கு ஒரு யுஹன்னுஸும், ஹில்காவிடம் ஓர் உண்மையும் பாக்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் இன்னும் கொடுக்கவில்லை.