திரையில் தெரியாத படிக்கட்டு

அனுப்பிய வரைபடத்தில் படிக்கட்டு மேல் படிக்கட்டாக மூன்று இருக்கிறதே, இதில் எதைக் கட்டுவது என்று மேஸ்திரி போன் செய்து கேட்ட பிறகுதான் அலுவலகத்தில் விஷயம் தெரிந்தது. அதுவரை அதை வரைந்த அவளும் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் அவளைக் கேட்கவுமில்லை.

வீடுகளுக்குத் திட்டம் போடும் சின்ன அலுவலகம் அது. நடத்துபவர் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் மேடம். மேடம் மனதில் இருப்பதைக் கணினியில் கோடு கோடாக வரைந்து கொடுப்பது அவள் வேலை. அவள் கை பட்ட படத்தை இன்னொருவர் சரிபார்ப்பது அங்கே வழக்கமில்லை. அப்படித்தான் அந்தப் படமும் நேராகக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விட்டது.

மேடம் அச்சுப்பிரதியைக் கொண்டுவந்து அவள் மேசையில் விரித்தார். படிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கோழி கிளறிய மண் மாதிரி கிடந்தன. பிறகு அவள் திரையைப் பார்த்தார். அதில் ஒரு படிக்கட்டுகூட இல்லை. மேற்குச் சுவர் பாதியோடு நின்றிருந்தது. குளியலறையில் வட்டமாக இருக்க வேண்டிய, தண்ணீர் வடியும் துளை எட்டு மூலையோடு இருந்தது. மௌஸை நகர்த்தினால் அம்புக்குறிக்குப் பின்னால் வால் முளைத்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வாரமா இருக்கும், மேடம்."

"ஏம்மா சொல்லல?"

மறைக்க வேண்டும் என்றெல்லாம் அவள் நினைத்ததில்லை. "சொல்லணும்னு தோணல," என்றாள்.

மேடம் கோபப்படவில்லை. காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணினி பழுது பார்ப்பவரைக் கூப்பிடப் போனார்.

போன வாரம் வேலை விஷயமாக வெளியூர் போகிறேன் என்று ஒரு பையோடு கிளம்பிய அவள் கணவன், இனி திரும்பி வரப்போவதில்லை என்று போனில் எழுதி அனுப்பியிருந்தான். காலையில் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது வந்த செய்தி. படித்தாள். போனை அலமாரியில் வைத்தாள். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்து, மகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, அலுவலகம் வந்தாள். அன்றைக்குத்தான் திரையில் படிக்கட்டைக் காணவில்லை. இதுவும் போயிற்றா என்று நினைத்துக்கொண்டு மறுபடி வரைந்தாள். பிறகு அதுவும் காணாமல் போனது, அதையும் வரைந்தாள். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, அழுகைதான் வரவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது மாதிரி நாள் நகர்ந்தது.

மகளிடம் அப்பா வேலையாகப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தாள். நாத்தனார் தினமும் கூப்பிட்டு, அண்ணன் போனையே எடுப்பதில்லையே என்று குறைப்பட்டபோதும் வேலை அதிகம் என்றே சொன்னாள்.

பழுது பார்ப்பவருக்கு அலுவலகத்தில் 'டிரைவர்' என்று பெயர். கார் ஓட்டத் தெரியாது. என்ன கோளாறு என்றாலும் "டிரைவரைப் பாக்கணும்" என்று ஆரம்பிப்பார், அதனால் வந்த பெயர். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வேறொரு படத்தைத் திறந்து பார்த்தார். அதிலும் சில கோடுகள் இல்லை. வேறு திரையை மாட்டினார், அதே கதை. படத்திலும் குற்றமில்லை, திரையிலும் குற்றமில்லை என்று முணுமுணுத்துவிட்டு, பழைய படத்துக்கே திரும்பி, திரையில் படம் காட்டும் வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் வசதியை நிறுத்தினார். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. சுவர் முழுசானது. மூன்று படிக்கட்டும் வந்து நின்றன.

போன வாரம் கணினி தானாகவே, கார்டை இயக்கும் 'டிரைவர்' என்ற நிரலைப் புதிதாகப் போட்டுக்கொண்டதாம். அதற்கும் வரையும் மென்பொருளுக்கும் ஒத்துப்போகவில்லை. புதியதைக் கழற்றிப் பழையதைப் போட்டு, நிறுத்திய வசதியைத் திரும்ப இயக்கிப் பார்த்தார். கோடுகள் அப்படியே இருந்தன.

"இந்தத் தடவை நெசமாவே டிரைவர்தான்க்கா," என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து அவள் உதட்டை அசைத்தாள்.

அவர் போனபின் வேண்டாத படிகளை அழிக்க உட்கார்ந்தாள். முதல் படிக்கட்டு அளவு பிசகாமல் இருந்தது. இரண்டாவதில் ஒவ்வொரு படியும் விரல்கடை அகலம் குறைவு. மூன்றாவது படுக்கையறைக்குள் தொடங்கி, கதவே இல்லாத ஒரு சுவரில் போய் முட்டியது. அதை வரைந்தது எப்போது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மேஸ்திரி கேட்காமல் கட்டியிருந்தால், அதில் யாரோ ஏறியிருப்பார்கள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. இரண்டையும் அழித்தாள். புதுப் பிரதியை மேடத்திடம் நீட்டி, நீங்களும் ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

மதியம் நாத்தனார் கூப்பிட்டாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பின் வாய் அண்ணி என்று கூப்பிட்டாலும், பேச்சு பழைய வா, போ தான்.

"அண்ணி, உன்கிட்டயாவது பேசுறானா அவன்?"

"உங்கண்ணன் போயிட்டாரு. இனிமே வரமாட்டேன்னு எழுதியிருக்காரு."

"எப்ப?"

"போன வாரம்."

"தினமும் கேட்டேனே. வேலைன்னு சொன்னியே."

"ஆமா. சொன்னேன்."

நாத்தனார் திட்டவில்லை. குழந்தைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் ஒரு பையோடு வீட்டுக்கு வந்து நின்றாள். வந்ததும் பக்கத்து வீட்டுப் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தெரியாத எண் என்பதால் அண்ணன் எடுத்துவிட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"வரமாட்டானாம். ஏன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல. ஞாயித்துக்கிழமை புள்ளையப் பாக்க வரச் சொல்லியிருக்கேன்," என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து அழுதாள். அழ வேண்டியவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீயும் அழுதுடு அண்ணி."

"வரல."

"சரி, வரும்போது அழு."

அத்தை ஏன் அழுகிறாள் என்று மகள் வந்து கேட்டாள். அவளே மகளை மடியில் இழுத்து உட்காரவைத்து, அப்பா இனிமேல் இந்த வீட்டில் இருக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவார் என்று சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. அது அவளுக்கே என்னவோபோல் இருந்தது.

மகள் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள்.

"அப்ப என் சைக்கிளுக்கு யாரு காத்தடிப்பா?"

"நான் அடிக்கிறேன்."

"உனக்குத் தெரியாதே."

"கத்துக்கறேன்."

மூவருமாகத் தேடி, பம்பை செருப்பு அலமாரிக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். நாத்தனார் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து அடித்தாள். டயர் கெட்டியாவதற்குள் தோள்பட்டை வலி எடுத்துவிட்டது. மகள் சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றாள்.